இணைப்பு அனுப்பியாச்சு, ஆனால் வரவில்லை: கணினி மின்னஞ்சலில் கோப்புகள் எங்கே தொலைகின்றன?

கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானா பக்கத்தில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் மாலை பதற்றத்தோடு அழைத்தார். பெண் வீட்டார் அழைப்பிதழ் வாசகத்தை வேர்டு கோப்பாக மூன்று முறை அனுப்பிவிட்டார்களாம். "அண்ணே, அனுப்பியாச்சுண்ணே, திரும்பத் திரும்பக் கேட்கிறீங்களே" என்று அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இவருடைய கணினியிலோ மூன்று கடிதங்களிலும் 'வின்மெயில்.டாட்' என்று ஒரு கோப்புதான் இருக்கிறது, அதைத் திறக்க முடியவில்லை. முகூர்த்தத்துக்கு ஐந்து வாரம். அட்டை அச்சாகி, உறை போட்டு, ஈப்போவுக்கும் ஜொகூர் பாருவுக்கும் நேரில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. அனுப்பியது உண்மை, வராததும் உண்மை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துச் சிறு அலுவலகங்களுக்கும் சங்கங்களுக்கும் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த வகைதான். சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் 'இணைப்பு' என்கிறோம். இணையத் தொடர்பும் இணைப்பு, சொடுக்கும் சுட்டியும் இணைப்பு, கடிதத்தோடு வரும் கோப்பும் இணைப்பு. "இணைப்பு வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் எது என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது. அரசாங்க இலாகாக்கள் 'லம்பிரான்' என்று எழுதுவதில் இந்தச் சிக்கல் இல்லை!

எங்கே தொலைந்தது என்று முதலில் பாருங்கள்

கோப்பு மூன்று இடத்தில் தொலையலாம். உங்கள் கணினியை விட்டுப் புறப்படாமல் இருக்கலாம். வழியில் தடுக்கப்படலாம். போய்ச் சேர்ந்தும், அவருடைய மென்பொருள் அதைக் காட்டாமல் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இது தெரியாமல் அதே கடிதத்தை நான்காம் முறை அனுப்புவதால் பயனில்லை.

சோதனை எளிது. 'சென்ட்' பெட்டிக்குப் போய், அனுப்பிய கடிதத்தைத் திறந்து, அதிலுள்ள கோப்பை அங்கிருந்தே திறந்து பாருங்கள். கணினியில் இருக்கும் மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. கடிதம் 'அவுட்பாக்ஸ்' பெட்டியிலேயே கிடந்தால் அது புறப்படவே இல்லை. அடுத்து, அதே கடிதத்தை வேறு நிறுவனத்திலுள்ள உங்கள் இன்னொரு முகவரிக்கு அனுப்பி, உலாவி வழியாகத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால், பெறுபவரின் மென்பொருளிலோ அவர்கள் அலுவலக வழங்கியிலோதான் கோளாறு. பெறுபவரும் தம் பங்குக்கு இதையே செய்யலாம். அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ தெரியாத கோப்பு, அதே கணக்கை உலாவியில் திறக்கும்போது தெரிந்தால், கோப்பு வந்துவிட்டது, காட்டப்படவில்லை என்று பொருள்.

வின்மெயில்.டாட் என்னும் மூட்டை

அச்சக நண்பரின் கதைக்கு வருவோம். விண்டோஸ் அவுட்லுக்கில் கடிதத்தை மூன்று வடிவங்களில் எழுதலாம்: வெறும் எழுத்து, எச்டிஎம்எல், ரிச் டெக்ஸ்ட். மூன்றாவது மைக்ரோசாஃப்டின் சொந்த வடிவம். அதில் எழுதி அனுப்பினால் அலங்காரங்களையும் கோப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'வின்மெயில்.டாட்' என்று பெயரிட்டு அனுப்பிவிடும். எதிரே இருப்பதும் அவுட்லுக் என்றால் மூட்டையைச் சத்தமில்லாமல் அவிழ்த்துவிடும். மேக் கணினியில் ஆப்பிள் மெயிலோ, தண்டர்பேர்டோ வைத்திருப்பவருக்கு மூட்டைதான் கண்ணில் படும். அச்சகங்களில் மேக் அதிகம் என்பதால் இது அவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி.

மருந்து அனுப்புபவரிடம் இருக்கிறது. கிளாசிக் எனப்படும் பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய், கடிதம் எழுதும் வடிவத்தை எச்டிஎம்எல் என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் கீழே போனால், ரிச் டெக்ஸ்ட் கடிதம் வெளி முகவரிகளுக்குப் போகும்போது என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும். அதையும் எச்டிஎம்எல்லுக்கு மாற்றச் சொல்லி வையுங்கள். இரண்டும் செய்தபின் ஒரே ஒருவருக்கு மட்டும் மூட்டை போய்க்கொண்டிருந்தால், முகவரிப் புத்தகத்தில் அவருடைய பதிவுக்கு மட்டும் தனியாக ரிச் டெக்ஸ்ட் என்று ஒட்டியிருக்கும். பதிவைத் திறந்து, மின்னஞ்சல் முகவரியின் பண்புகளில் மாற்ற வேண்டும்.

பெறுபவர் காத்திருக்க முடியாத நிலையில் இருந்தால், தண்டர்பேர்டுக்கு 'லுக்அவுட்' என்ற துணைநிரல் உண்டு. மேக்கில் 'டிஎன்இஎஃப்ஸ் இனஃப்' என்ற இலவசச் செயலி மூட்டையை அவிழ்க்கும். முன்பின் தெரியாத இணையத்தளத்தில் கோப்பை ஏற்றி அவிழ்க்க வேண்டாம். அழைப்பிதழ் என்றால் பரவாயில்லை, சம்பளப் பட்டியலோ அடையாள அட்டை நகலோ உள்ளே இருந்தால்?

நண்பரின் மூட்டையைப் பத்து நிமிடத்தில் அவிழ்த்தோம். உள்ளே வாசகம் முழுதாக இருந்தது. ஆனால் கோப்பின் பெயர் குதறிப்போயிருந்தது. அது அடுத்த கதை.

தமிழில் பெயர் வைத்தால் ஏன் சிதைகிறது?

மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கப் பிறந்தது. கோப்பை இணைத்து அனுப்பும் இன்றைய பொதுமுறையான 'மைம்' 1992இல்தான் வந்தது. நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் இருவரும் வகுத்தது. போரன்ஸ்டைன் அந்த ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அனுப்பிய முதல் இணைப்பில், நண்பர்களோடு தாம் பாடும் நால்வர் குழுவின் படமும் பாட்டும் இருந்தன. அந்த முறையிலும் கடிதத்தின் தலைப்பகுதி ஆங்கிலக் குறிகளாலேயே ஆனது. வேற்று எழுத்துகளை ஆங்கிலக் குறிகளாக மாற்றித்தான் அனுப்ப முடியும். கோப்பின் பெயரும் அந்தத் தலைப்பகுதியில்தான் போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ஆண்டறிக்கை' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்துக் குறிகள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30. அதை அனுப்புவதற்காக மாற்றும்போது ஒரு முறையில் 40 ஆங்கிலக் குறிகள் ஆகின்றன. கோப்புப் பெயருக்கென்றே 1997இல் வகுக்கப்பட்ட ஆர்எஃப்சி 2231 முறையில் 90 ஆகின்றன. முதல் முறையில் ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது என்று விதி. எனவே 'வருடாந்திரப் பொதுக்கூட்ட ஆண்டறிக்கை' என்று நீளமாகப் பெயர் வைத்தால் அது பல துண்டாக உடைந்து போகிறது. எதிர்முனை மென்பொருள் பழையதாக இருந்தால், துண்டுகளை ஒட்டத் தெரியாமல் சமக்குறியும் கேள்விக்குறியுமாகக் காட்டும், அல்லது பெயரின் வாலை விட்டுவிடும். வாலில்தான் டாக்எக்ஸ், பிடிஎஃப் என்ற வகைக்குறி இருக்கிறது. அது போய்விட்டால் எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸுக்குத் தெரியாது. கோப்பு கெடவில்லை. தட்டில் சேமித்து, பெயரை மாற்றி, வகைக்குறியைச் சேர்த்தால் திறக்கும்.

மேக்கிலிருந்து வரும் தமிழ்ப் பெயர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. 'தோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறை எல்லாவற்றையும் பிரித்தே சேமித்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் விண்டோஸில் 'தோட்டம்' என்று தேடினால் மேக்கிலிருந்து வந்த 'தோட்டம்' அகப்படாமல் போகலாம். ஒரே பெயரில் இரண்டு கோப்பு ஒரே உறையில் இருப்பதைக் கண்டு குழம்பியவர்களுக்கு விளக்கம் இதுதான்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று எழுதக் கை கூசுகிறது. கணினித் தமிழுக்கு இந்த நகரம் செய்தது கொஞ்சமல்ல. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1980களில் கோலாலம்பூரில் பிறந்தது. பெயரிலேயே அஞ்சல் இருக்கிறது! மேக்கிலும் ஐபோனிலும் நாம் படிக்கும் தமிழ் எழுத்துருக்கள் அவர் வடித்தவை. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஆகவே நமக்குள் அனுப்பும்போது தமிழிலேயே வையுங்கள், சுருக்கமாக வையுங்கள். கெடு உள்ள விண்ணப்பம், இலாகாவுக்குப் போகும் பாரம், வேலைக்கான சுயவிவரம் ஆகியவற்றுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஆண்டோடு ஒரு சிறு பெயர் போதும். பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பகுதியில் பன்னாட்டுத் தேர்வுகள் இருக்கும். அங்கே வெளிச்செல்லும் கடிதங்களின் குறிமுறை யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயர் சரியாக வந்து உள்ளே எழுத்து மட்டும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால், அது மின்னஞ்சலின் குற்றமல்ல. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். திருத்த வேண்டிய தேவை இல்லாத எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வேர்டாகவே போக வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எழுத்துருவைக் கோப்போடு சேர்க்கும் வசதி இருக்கிறது.

25 எம்பி என்றால் 25 அல்ல

கோப்பை மின்னஞ்சலில் ஏற்றும்போது மூன்று பைட் நான்கு குறியாக மாறுகிறது. பளு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. ஆனால் கணினி மென்பொருள் வழியாக 18 எம்பியைத் தாண்டினாலே திரும்பி வரலாம். அவுட்லுக் தானாகவே 20 எம்பியில் நிறுத்திவிடும். பெறுபவரின் அலுவலகம் 10 எம்பி என்று வைத்திருந்தால் உங்கள் பக்கத்து எல்லைக்குப் பொருளே இல்லை. அப்படித் திரும்பும் கடிதம் 'மெயில் டெலிவரி' என்று தொடங்கும் ஆங்கில அறிவிப்பாக வரும். குப்பைக் கடிதம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். விண்ணப்பம் போய்விட்டது என்று நம்பி இறுதி நாளைத் தவறவிட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அந்த அறிவிப்பு அவருடைய குப்பைப் பெட்டியில் ஒன்பது நாள் கிடந்தது.

பெரிய கடிதம் அவுட்பாக்ஸில் சிக்கிக்கொண்டு பின்னால் வரும் கடிதங்களையும் மறித்தால், அனுப்பு-பெறு பட்டையில் 'வொர்க் ஆஃப்லைன்' அழுத்தி, அவுட்லுக்கை மூடித் திறந்து, கடிதத்தை டிராஃப்ட்ஸ் பெட்டிக்கு இழுத்துப் போடுங்கள். படங்கள்தான் பளு என்றால், பழைய அவுட்லுக்கில் கடிதம் எழுதும்போதே ஃபைல், இன்ஃபோ பகுதியில் பெரிய படங்களைச் சுருக்கி அனுப்பும் தேர்வு உண்டு. அச்சுக்குப் போகும் படத்தை மட்டும் அப்படிச் சுருக்கிவிடாதீர்கள், அட்டையில் மாப்பிள்ளை முகம் மங்கிப்போகும்.

மற்றதற்குக் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சுட்டி. தண்டர்பேர்டும் 'ஃபைல்லிங்க்' என்ற பெயரில் இந்த வசதியைத் தருகிறது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்டிரைவில் உள்ள கோப்பை அவுட்லுக்கில் இணைத்தால், பல நேரம் கோப்பு போகாது, சுட்டிதான் போகும். கோப்பின் சின்னத்தில் சிறு மேகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி நகலாக இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மறுமுனை அதிகாரிக்கு 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம்தான் திறக்கும். அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

இல்லாத கோப்பும் கூடுதல் கோப்பும்

கடிதத்தில் காகித ஊக்கு தெரிகிறது, திறந்தால் 'இமேஜ்001' என்ற துண்டுப் படம் மட்டும் இருக்கிறது என்றால், அது அனுப்பியவரின் கையொப்பத்தில் உள்ள நிறுவனச் சின்னம். உண்மைக் கோப்பை அவர் இணைக்கவே இல்லை. 'ஏடிடி00001' என்ற பெயரில் ஒன்று கூடுதலாக வந்தால், பெரும்பாலும் ஆப்பிள் மெயிலில் கோப்பைக் கடிதத்தின் நடுவில் வைத்து, அதற்குக் கீழே மேலும் எழுதியிருப்பார்கள். அந்தக் கீழ்ப்பகுதி தனித் துண்டாக வந்திருக்கிறது. திறந்து படியுங்கள், வங்கிக் கணக்கு எண்ணே அதில் இருக்கலாம். மேக் பயனர்கள் கோப்பை எப்போதும் கடிதத்தின் கடைசியில் வைத்தால் இது வராது. எடிட் பட்டியில் அட்டாச்மென்ட்ஸ் என்ற இடத்தில் அதற்கான தேர்வு உண்டு.

தண்டர்பேர்டில் படங்கள் கடிதத்துக்குக் கீழேயே விரிந்து எரிச்சலூட்டினாலும், விரிய வேண்டியவை விரியாவிட்டாலும், வியூ பட்டியில் 'டிஸ்பிளே அட்டாச்மென்ட்ஸ் இன்லைன்' என்ற ஒரே தேர்வுதான்.

திறந்த இடத்திலேயே திருத்தாதீர்கள்

இது எல்லாவற்றிலும் கொடுமையானது. சங்கப் பொருளாளர் ஒருவர் செயலாளர் அனுப்பிய கணக்குக் கோப்பை மின்னஞ்சலிலிருந்தே இருமுறை தட்டித் திறந்தார். இரவு பதினொரு மணி வரை எண்களைத் திருத்தினார். சேமித்தார். மூடினார். மறுநாள் அதே கடிதத்தைத் திறந்தால் பழைய எண்கள்! 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பொதுக்கூட்டம் நடந்து 60 நாட்களுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கப் பதிவு இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். அவருக்கு மிச்சமிருந்தது நான்கு நாள்.

கடிதத்திலிருந்து திறக்கும்போது மென்பொருள் ஒரு தற்காலிக நகலை மறைவான உறையில் வைத்துத் திறக்கிறது. நீங்கள் திருத்தியது அந்த நகலை. கடிதத்தில் இருப்பது மாறுவதில்லை. நகலோ மென்பொருளை மூடும்போது அழிந்துவிடலாம். இப்படி நேர்ந்தால் முதல் வேலை, அவுட்லுக்கை மூடாமல் இருப்பது. பிறகு எக்செல் அல்லது வேர்டைத் திறந்து, ஃபைல், ஓப்பன், ரீசன்ட் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டுங்கள். நகல் இன்னும் இருந்தால் திறக்கும். உடனே ஆவண உறையில் சேமித்துவிடுங்கள். அங்கே இல்லையென்றால் ஃபைல், இன்ஃபோ பகுதியில் சேமிக்கப்படாதவற்றை மீட்கும் வழி ஒன்று இருக்கிறது. பொருளாளருக்கு ரீசன்ட் பட்டியலில் கிடைத்தது. எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இப்போதெல்லாம் இணைப்பைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வருகிறதே, அது வரும்போதே 'சேவ் ஆஸ்' செய்துவிடுவது நல்லது.

தடுப்பது காரணத்தோடுதான்

அவுட்லுக் இஎக்ஸ்இ, ஜேஎஸ், பேட் போன்ற வகைகளைக் காட்டவே காட்டாது. ஒரு கோப்பைத் தடுத்துவிட்டோம் என்று மேலே ஒரு வரி மட்டும் வரும். பழைய ஆக்சஸ் தரவுத்தளமான எம்டிபியும் இந்தப் பட்டியலில் உண்டு. உறுப்பினர் பட்டியலை அதில் வைத்திருக்கும் சங்கங்கள் கவனிக்கவும். ஜிமெயில் இப்படிப்பட்ட கோப்பை ஜிப்புக்குள் ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடும். எக்செல்லாக மாற்றி அனுப்புவதுதான் வழி. தடையைத் தளர்த்தித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பைப் புலனத்தில் அனுப்பிக் கைத்தொலைபேசியைக் கைப்பற்றும் மோசடி இந்நாட்டில் நடந்திருக்கிறது. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், செயலியாக வராது. கணினியில் கோப்பின் வகைக்குறி எப்போதும் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11இல் கோப்பு உறையைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். முடிவில் பிடிஎஃப் என்று தெரிந்து அதற்குப் பின்னும் ஓர் இஎக்ஸ்இ ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கடைசியாக, கோப்பை இணைக்கவே மறந்துபோகும் நம் எல்லாருக்கும் பொதுவான நோய். தண்டர்பேர்ட் கடிதத்தைப் படித்து, இணைப்பு பற்றிய சொல் இருந்தும் கோப்பு இல்லாவிட்டால் எச்சரிக்கும். ஆனால் அது ஆங்கிலச் சொற்களைத்தான் தேடும். செட்டிங்ஸ், கம்போசிஷன் பகுதியில் அட்டாச்மென்ட்ஸ் என்ற இடத்தில் அந்தச் சொற்பட்டியலைத் திறந்து நம் சொற்களையும் சேர்க்கலாம். நீங்கள் எழுதும் வடிவத்திலேயே சேருங்கள்: 'இணைத்துள்ளேன்', 'இணைக்கப்பட்டுள்ளது', 'இணைப்பில்'. இலாகாக்களுக்கு மலாயில் எழுதுபவர்கள் 'லம்பிரான்' என்பதை ரோமன் எழுத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தபின் கோப்பில்லாமல் உங்களுக்கே ஒரு கடிதம் எழுதி அனுப்பிப் பாருங்கள், எச்சரிக்கை வருகிறதா என்று.